சாமியை எடை போட்டவள்

நாவலூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் இருக்கிற பிள்ளையாரின் எடை ஆயிரத்து முந்நூற்றைம்பது கிலோ. ஐம்பது கிலோ கூடலாம், குறையலாம். தினமும் அவரைக் கும்பிட்டுவிட்டு ஆபீசுக்குப் போகிறவர்களுக்கு இது தெரியாது. மாமல்லபுரத்தில் அவரைச் செதுக்கியவர்கள் தெரிந்தாலும் சொல்ல மாட்டார்கள். கணக்குப் போட்டுச் சொன்னவள் ஒருத்திதான். அவள் பெயர் வேண்டா. ஊரில் அவளைப் பற்றிப் பேசுவது ஒன்று, நான் பார்த்தது வேறொன்று. அதனால்தான் எழுதுகிறேன்.

திருக்கழுக்குன்றத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில், துணை சுகாதார நிலையத்தில் நான் செவிலியராக இருந்தேன். 1993-ல் வேண்டா அந்த ஊருக்கு மருமகளாக வந்தாள். அப்பா வீட்டில் நான்காவது பெண். இனிமேல் பெண் வேண்டாம் என்று சாமிக்குத் தெரிவிப்பதற்காக அங்கெல்லாம் இப்படிப் பெயர் வைப்பார்கள். பத்தாவது வரை படித்திருந்தாள். எனக்கு உதவிக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. குழந்தைகளுக்கு எடை பார்த்து வளர்ச்சி அட்டையில் குறிக்கிற வேலையை அவளிடம் விட்டேன்.

அது சுலபமான வேலை இல்லை. எடை போட்டால் குழந்தைக்குக் கண் பட்டுவிடும் என்று தாய்மார்கள் ஒளித்து வைப்பார்கள். "கொழுகொழுன்னுதானே கீது, இன்னாத்துக்கு கொக்கில மாட்டித் தொங்க வுடுறே?" என்று சண்டைக்கு வருவார்கள். வேண்டா தராசைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பாள், பிள்ளையைக் கொடுக்கிற வரைக்கும். கொழுகொழு என்று சொன்ன ஒன்றரை வயதுப் பிள்ளை ஒன்று ஆறு கிலோதான் இருந்தது. வீக்கத்தைச் சதை என்று நினைத்திருந்தார்கள். செங்கல்பட்டுக்கு அனுப்பினோம், பிழைத்தது. அதற்குப் பிறகு அவள் எதையும் கண்ணால் பார்த்து நம்புவதை விட்டுவிட்டாள். காய்கறிக்காரியிடம்கூடத் தராசின் முள்ளைத்தான் பார்ப்பாள்.

அவள் புருஷன் முனிசாமி நல்ல உழைப்பாளி. குடிக்க மாட்டான். நிலத்தை மனைக்கு விற்றுவிட்டு 2003-ல் ஒரு பழைய பிக்அப் வண்டி வாங்கினான். புதுப்பட்டினம் கடற்கரையிலிருந்து மீன்பெட்டிகளை ஐஸ் போட்டுச் செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவான். வண்டியைக் கழுவுவது வேண்டா. கழுவும்போது டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதையெல்லாம் படிப்பாள். ஆறரை, பதினாறு, எட்டு ப்ளை, நூற்றெட்டு.

"இன்னாய்யா இது நூத்தியெட்டு?" என்று புருஷனைக் கேட்டிருக்கிறாள்.

"சாமி நம்பருடி. ராசியான டயரு."

அவள் அதோடு விடவில்லை. ஊர் முனையில் மணி என்பவர் பஞ்சர் கடை வைத்திருந்தார். அவர் கடைச் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. டயரில் எந்த எண் போட்டிருந்தால் ஒரு டயர் எத்தனை கிலோ தாங்கும் என்பது அதில் இருந்தது. ப்ளை என்றால் டயருக்குள் இருக்கிற அடுக்கு என்று மணி சொன்னார். நூற்றெட்டு என்றால் ஆயிரம் கிலோ. என்னிடம் வந்து, "நர்சம்மா, நம்ம வளர்ச்சி அட்டை மாதிரியே டயருக்கும் ஒரு அட்டை கீது" என்று சொன்னாள். அவள் இப்படிச் சிரித்துச் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது, அடிக்கடி சிரிக்கிறவள் இல்லை என்பதால்.

2006 தொடக்கத்தில் பின்டயர் இரண்டும் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டன. புதிது போட வேண்டும். அப்போதுதான் முனிசாமியின் தம்பி துரை நான்கு டயர்களைக் கொண்டுவந்து இறக்கினான். அவன் டூரிஸ்ட் கார் ஓட்டுகிறவன். முட்டுக்காடு பக்கம் பங்களா வைத்திருந்த யாரோ தன் ஜீப்புக்கு வேறு சக்கரம் மாட்டிவிட்டுக் கழற்றிப் போட்டதாம். டிஸ்க் என்கிற உலோகச் சக்கரத்தோடு சேர்த்து நான்கு. வெள்ளி மாதிரி மின்னின. பதினைந்து அங்குலச் சக்கரம், அகலமான டயர், ரப்பர் பட்டன் துளியும் தேயவில்லை.

"பாரு அண்ணாத்த, உன்னுது ஆறரை. இது இருநூத்திப் பதினஞ்சு! எங்க ஆறரை, எங்க இருநூத்திப் பதினஞ்சு?" என்றான் துரை.

ஒன்று அங்குலம், மற்றது மில்லிமீட்டர். அது அவனுக்குத் தெரியாது. ஐந்து நட்டுத் துளையும் கச்சிதமாகப் பொருந்தின. வண்டி தாழ்வாக, அகலமாக, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. மணிகூட அதிகம் தடுக்கவில்லை. "ஓட்டை பொருந்திடுச்சுன்னா வண்டிக்குப் பொருந்திடுச்சுன்னு அர்த்தம் இல்லப்பா" என்று ஒரு முறை சொல்லிவிட்டுக் காற்று அடித்துக் கொடுத்தார்.

வேண்டா குந்தி உட்கார்ந்து எழுத்தைப் படித்தாள். நூறு என்று இருந்தது. பட்டியலில் நூறுக்கு எண்ணூறு கிலோ.

"துரை, இது எண்ணூறுதான் தாங்கும். பழசு ஆயிரம் தாங்கிச்சு."

"அண்ணி, நூறுன்னா ஸ்பீடு. நூறுல போலாம்."

"ஸ்பீடு இல்ல, வெயிட்டு. மணியண்ணன் கடைல எழுதிக் கீது."

"பாத்தியா அண்ணாத்த, உன் பொண்டாட்டி பஞ்சர் கடைல போய் பரீட்சை எழுதிட்டு வந்துகீறா" என்றான் துரை. முனிசாமி சிரித்துவிட்டான். பேச்சு அதோடு முடிந்தது.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால் அந்த டயர்கள் மூன்று மாதம் நன்றாகவே ஓடின. கடற்கரை மணலில் பழைய டயர் புதையும், இவை புதையவில்லை. மீன்பெட்டி எழுநூறு கிலோவுக்கு மேல் போகாது. மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக் கூடத்தாரும் சின்னச் சிலைகளை ஏற்றக் கூப்பிட ஆரம்பித்தார்கள். மூன்றடி அம்மன் இரண்டை ஒரே நடையில் மதுராந்தகத்துக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தான் முனிசாமி. வேண்டா வாயை மூடிக்கொண்டாள்.

சித்திரையில் அந்தக் கூடத்துக்காரர் கூப்பிட்டு அனுப்பினார். நாவலூருக்கு ஒரு பிள்ளையார் போக வேண்டும், ஞாயிறு காலை ஒன்பதுக்குள், முகூர்த்தம் குறித்தாயிற்று. அவர்கள் வழக்கமாக அமர்த்தும் கிரேன் லாரி ஆந்திரா பக்கம் போயிருந்தது. இதைச் செய்து கொடுத்தால் இனி கூடத்து வேலையெல்லாம் முனிசாமிக்குத்தான். மீன் நாற்றம் இல்லாத வேலை. அவனுக்கு அதில் எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். மகள் கீர்த்தனாவைப் பள்ளியில் மீன் வண்டிக்காரன் பெண் என்று கூப்பிடுகிறார்கள் என்று என்னிடமே சொல்லியிருக்கிறான்.

"எத்தினி அடி?" என்று கேட்டானாம்.

"அஞ்சரை."

அவ்வளவுதான் கணக்கு. அந்தத் தொழிலில் சிலைக்கு அளவு அடிதான். விலை அடிக்கு, கூலி அடிக்கு. வீட்டுக்கு வந்து சொன்னான்: "மூணடி ரெண்டு ஏத்தினேன், ஆறடி ஆச்சு. வண்டி முனகல. இது அஞ்சரைதான். அரையடி கம்மி."

நான் இதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். படித்தவர்கள்கூடச் சிறிது நேரம் யோசித்துத்தான் இதில் என்ன தப்பு என்று பிடிக்கிறார்கள். வேண்டாவுக்கு உடனே புரிந்தது. பிள்ளையின் உயரம் இரண்டு மடங்கு ஆவதற்குள் எடை நாலைந்து மடங்கு ஆகிவிடும் என்பதை அட்டையில் பார்த்தவள்.

"உயரம் மட்டுமா ஏறும்? தொப்பை ஏறலியா, முதுகு ஏறலியா? எத்தினி கிலோன்னு கேட்டியா?"

முனிசாமி காதைப் பொத்திக்கொண்டான். "தே, சாமிய எடை போடுவாங்களாடி? ஆட்டுக்கறியா அது?"

வெள்ளிக்கிழமை காலை அவளே பஸ் ஏறி மாமல்லபுரம் போனாள். கூடத்தில் தலைமைச் சிற்பியாக இருந்தவர் சுப்பிரமணி. பிள்ளையார் கீழே மரக்கட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எடை என்ன என்று கேட்டாள். கூடத்தில் உளிச் சத்தம் நின்றுவிட்டதாம்.

"அப்படியெல்லாம் கேக்கக் கூடாதும்மா. கல்லா இருந்தப்போ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். இப்ப முகம் வந்துட்டுது" என்றார் சுப்பிரமணி.

"சரிங்கய்யா. கல்லா இருந்தப்போ எவ்ளோ இருந்துச்சு?"

அவர் சிரித்துவிட்டார். கல் ஆறடி நீளம், மூன்றடி அகலம், இரண்டடி கனம். ஒரு கன அடிக் கருங்கல் எழுபத்தைந்து கிலோ. அதை அவர் மறைக்கவில்லை. செதுக்கி எடுத்ததில் பாதி போயிருக்கும் என்பதையும் சொன்னார். அவள் வாசலில் நின்று பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டாள். முப்பத்தாறு கன அடி, இரண்டாயிரத்து எழுநூறு கிலோ, அதில் பாதி ஆயிரத்து முந்நூற்றைம்பது.

திரும்பும் வழியில் மணி கடையில் இறங்கினாள். காலி வண்டியிலேயே பின்பக்கம் அறுநூறு கிலோ உட்கார்ந்திருக்கும் என்றார் மணி. ஆக மொத்தம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது. அகல டயர் இரண்டும் சேர்ந்து தாங்குவது ஆயிரத்து அறுநூறு.

"பழைய சைஸ்ல எட்டு ப்ளை புதுசா போட்டா, பின்னாடி ஆள் ஏறாம, மூச்சு முட்டிக்கினு போய்ச் சேந்துடும். இதுல போவாதும்மா. வெயில் வேற. பழைய டிஸ்க் என்கிட்டதான் கீது. சனிக்கிழமை கொண்டாரச் சொல்லு, ஒரு மணி நேரத்துல மாட்டிடலாம்" என்றார்.

ஒரு மணி நேர வேலை. நடந்திருக்க வேண்டியது அவ்வளவுதான்.

மத்தியானம் என்னிடம் வந்தாள். "நான் சொன்னா ஏறாது நர்சம்மா. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா கேப்பாரு" என்றாள். அந்த ஞாயிறு போலியோ சொட்டு முகாம். ஐஸ் பெட்டி, பட்டியல், தன்னார்வலர்கள் என்று சனிக்கிழமை முழுக்க எனக்கு ஓட்டம். மறுநாள் சாயங்காலம் வருகிறேன் என்றேன். போகவில்லை. களைத்துப்போய்ப் படுத்துவிட்டேன். புருஷன் பெண்டாட்டி விஷயம், டயர்தானே என்று நினைத்ததும் உண்மை. இதற்கு நான் வேறு காரணம் சொல்லப் போவதில்லை.

சனிக்கிழமை அவள் வீட்டில் சொல்லிப் பார்த்தாள். எடையைச் சொன்னதும் மாமியார் பார்வதம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சாமிக்கே கணக்குப் போட்டியாடி? கொழந்தைங்களுக்குத் தராசு தூக்கித் தூக்கி உனக்குப் புத்தி கெட்டுப் போச்சு." கிலோ பேசினால் எடுபடாது என்று தெரிந்து, வேண்டா வேறு வழியில் இறங்கினாள். "சரி அத்தே, பழைய டயர்ல நூத்தியெட்டு போட்டுக் கீது. சாமிய ஏத்திக்கினு போவ அதான் ராசி" என்றாள். பார்வதம் ஒரு நிமிடம் யோசித்தாள். முனிசாமியும் யோசித்தான். துரை கெடுத்தான். "நூறுன்னா பூரணம், அம்மா. நூத்தியெட்டுன்னா எட்டு மிச்சம். எட்டு சனியன் நம்பரு." வெள்ளிச் சக்கரத்தோடு நாவலூர் வாசலில் போய் நிற்க வேண்டும் என்பது அவன் ஆசை. அதோடு அந்த வழியும் அடைபட்டது.

ஞாயிறு காலை ஏழு மணி. கூடத்தில் கற்பூரம் கொளுத்தி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வீட்டார் எல்லோரும் வந்திருந்தார்கள். மணல் மூட்டைகளுக்கு நடுவே பிள்ளையாரை உட்கார வைத்துக் கயிறு கட்டியிருந்தது. பின்டயர் இரண்டும் பிதுங்கி, பக்கவாட்டுச் சுவர் தரையைத் தொடுகிற மாதிரி இருந்ததாம். துரை ஓட்டப்போகிறான், முனிசாமி பின்னால் சிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கப்போகிறான். வேண்டா வண்டிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"வேணாம். இதுல போவ வேணாம். காத்து அடிச்சாலும் வேணாம். நீயாவது எறங்குய்யா."

புறப்படுகிற வண்டிக்கு எதிரில் மூன்று முறை வேணாம். கூடத்துக்காரர் முகம் கறுத்துவிட்டது. பார்வதம் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "பேரே வேண்டா. வாயத் தொறந்தா வேணாம். எங்க அண்ணன் வூட்டுப் பக்கம் பொண்ணு எடுக்காம, உன்ன எவன் காட்டுனானோ!" முனிசாமி மேலே நின்றபடி சொன்னான்: "வூட்டுக்குப் போடி. சாயங்காலம் வந்து பேசிக்கறேன்."

நெம்மேலி தாண்டி நேரான சாலையில் இடது பின்டயர் வெடித்தது. வண்டி கவிழவில்லை. சாய்ந்தது. பிள்ளையார் நகர்ந்து பக்கப் பலகையில் போய் மோதினார். நடுவில் முனிசாமியின் இடுப்பு இருந்தது.

துரை இறங்கிப் பார்த்துவிட்டு முதலில் கூடத்துக்குத்தான் போன் போட்டான். அந்தப் பக்கத்திலிருந்து வந்த முதல் கேள்வி, "தும்பிக்கை உடையலையே?" என்பது. உடையவில்லை. வேறொரு கிரேன் வந்து சிலையைத் தூக்கிய பிறகுதான் முனிசாமியை எடுக்க முடிந்தது. மறுநாள் வேறு முகூர்த்தம் பார்த்துப் பிள்ளையார் நாவலூர் போய்ச் சேர்ந்தார்.

முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு செய்ய வேண்டியது என் தொழில். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட வேண்டும். குதிகாலுக்கும் இடுப்பெலும்புக்கும் அடியில் தலையணை. மூத்திரக் குழாயை எப்படிக் கழுவுவது, தோல் சிவந்தால் எங்கே அழுத்திப் பார்ப்பது என்று வேண்டாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு முறை சொன்னால் போதும் அவளுக்கு.

நாவலூர் குடியிருப்பின் சங்கச் செயலாளர் ராகவனும் அவர் மனைவி வசுமதியும் ஆப்பிளோடு வந்து பார்த்தார்கள். நான் குழாய் மாற்றிக்கொண்டிருந்தேன். வசுமதி நல்ல பெண், அழுதாள். "எங்க பிள்ளையாருக்கு ஒரு கீறல்கூட விழலைங்க. அவ்வளவு சக்தி. உங்க வீட்டுக்காரர் உயிரோட இருக்கறதே அவர் அருள்தான்" என்றாள்.

"அவரு வெயிட்டு எவ்ளோன்னு தெரியுமா மேடம்?" என்று கேட்டாள் வேண்டா.

வசுமதி கட்டிலைப் பார்த்தாள். "அறுபது கிலோ இருப்பாரா?"

"சாமிய கேட்டேன்."

அவர்கள் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள்.

ஊருக்குக் காரணம் தெளிவாகக் கிடைத்துவிட்டது. புறப்படும்போது மூன்று முறை வேணாம் சொன்னாள், சாமியை எடை போட்டாள். அதைவிட வேறென்ன வேண்டும்? தாய்மார்கள் அவளிடம் பிள்ளையைக் கொடுப்பதை நிறுத்தினார்கள். தராசை நானே தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. வண்டியைச் சோதிக்க வந்த இன்ஸ்பெக்டர் கிழிந்த டயரைக் காலால் தட்டி, "கார் டயரைப் போட்டு மலையை ஏத்தியிருக்கீங்க" என்று துரையிடம் சொன்னதை மணி பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறார். துரை வீட்டில் வந்து, "அவரும் விதின்னுதான் சொன்னாரு" என்றான்.

வேண்டா யாரிடமும் வாதாடவில்லை. முனிசாமியிடம் மட்டும் கேட்டாள், ஒரே ஒரு தடவை. நானும் இருந்தேன். இடுப்பில் புண் கண்டிருந்தது, இரண்டு பேருமாகப் புரட்டிக்கொண்டிருந்தோம்.

"இன்னாய்யா, ஊருல ஆயிரம் சொல்லட்டும். நீ சொல்லு. டயரு தாங்காதுன்னு நான் சொன்னேனா இல்லியா?"

அவனுக்கு நினைவு, அறிவு எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது.

"சொன்ன. அதான் வெடிச்சுது."

அவள் கை நிற்கவில்லை. துணியைச் சுருக்கம் இல்லாமல் இழுத்து விட்டாள், முழங்காலுக்கு நடுவே தலையணையைச் செருகினாள், நேரம் பார்த்துச் சுவரில் குறித்தாள். இரண்டு மணி நேரம் கழித்து மறுபக்கம் புரட்டினாள். அதற்குப் பிறகு பதினாறு மாதம் புரட்டினாள். 2008 ஜனவரியில் சிறுநீரகம் கெட்டு முனிசாமி இறந்தான். முதுகில் அன்றைக்கு ஒரு புண்கூட இல்லை. அந்த நிலைமையில் இருந்த ஆளுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று என் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். சாவுக்கு வந்தவர்கள் யாரும் முதுகைப் பார்க்கவில்லை.

அந்த ஆவணியில் துரை ஒரு புது பிக்அப் வாங்கினான். டயரை அவனே பார்த்து மாற்றினான். பதினாறு அங்குலம், பத்து ப்ளை. மணி கடையில் நின்று மற்ற டிரைவர்களுக்குப் பாடம் எடுத்தானாம். "பளபளப்ப பாத்து ஏமாறாதீங்கடா. நம்பரப் பாருங்க. ஒரு டயரு எத்தினி கிலோ, வண்டி எத்தினி கிலோ, கூட்டிப் பாருங்க. படிக்கத் தெரியலன்னா என்னக் கேளுங்க." மணி என்னிடம் சொல்லிவிட்டு, "அவன் சொல்றது சரிதாம்மா. அதான் பேஜாரு" என்றார்.

முதல் நடைக்குப் பூஜை போட்ட அன்று காலையில் நான் அந்த வழியாகப் போனேன். தெருவில் எல்லோரும் நின்றிருந்தார்கள். வேண்டாவைக் காணவில்லை. எங்கே என்று கேட்டேன். பார்வதம் கையால் வீட்டைக் காட்டினாள். வண்டி தெரு தாண்டுகிற வரைக்கும் வாயைத் திறக்காமல் உள்ளே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். கதவு வெளியே தாழ் போட்டிருந்தது.

ஜன்னல் பக்கம் போனேன். உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னாத்துக்கு நர்சம்மா தாப்பா?" என்றாள். "நேத்தே பாத்துட்டேன். நல்ல டயருதான். நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல."

வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. அது தெருமுனை திரும்பி மறைந்து, கூட்டம் கலைந்து, பார்வதம் உள்ளே போகிற வரைக்கும் யாரும் தாழைத் திறக்கவில்லை. நான்தான் போய்த் திறந்தேன்.